திரீ நாட் திரீ துப்பாக்கி: கழற்றுவது சுலபம், பூட்டுவதில்தான் உயிர் இருக்கிறது!

"துப்பாக்கியைத் துடைத்தபோது குண்டு பாய்ந்தது."

இப்படி ஒரு செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. படித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்கிறோம். அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

துடைக்கும்போது எப்படிக் குண்டு பாயும்? துடைத்த பிறகு தப்பாகப் பூட்டினால் என்ன ஆகும்? பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம் திருவேங்கடம். கரிசல் மண். பருத்தியும் மிளகாயும் விளையும் பூமி. ஒரு பக்கம் கழுகுமலை, கோவில்பட்டி. இன்னொரு பக்கம் சிவகாசி, ராஜபாளையம். மழை பொய்த்தால் காடு காய்ந்துவிடும். அதனால் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நிறைய உண்டு.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பழைய போலீஸ்காரர் ஒருவரிடம், "திரீ நாட் திரீ" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும். கை தானாக ஒரு போல்ட்டை இழுப்பது போல அசையும்!

பெயர் வந்தது எப்படி?

அந்தத் துப்பாக்கியின் முழுப் பெயர் லீ என்பீல்டு.

லீ என்பது ஆளின் பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். என்பீல்டு என்பது ஊரின் பெயர். லண்டனுக்கு வடக்கே உள்ளது. அங்கேதான் பிரிட்டிஷ் சர்க்காரின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது.

என்பீல்டு என்ற பெயர் நமக்குப் புதிது அல்ல. 1857-ம் ஆண்டு சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்களே, பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்று! அந்தத் தோட்டா பழைய என்பீல்டு துப்பாக்கிக்கு உரியது. அதன் பேரப் பிள்ளைதான் லீ என்பீல்டு.

லீ என்பீல்டு 1895-ம் ஆண்டு பட்டாளத்துக்கு வந்தது. 1907-ம் ஆண்டு வந்த "மார்க் 3" ரகம்தான் மிகவும் புகழ் பெற்றது. அதன் குழலின் உள்வாய் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. அதாவது 7.7 மில்லிமீட்டர். அதனால்தான் "திரீ நாட் திரீ" என்று பெயர்.

எடை சுமார் 4 கிலோ. மேகசின் என்னும் பெட்டியில் 10 தோட்டாக்கள் இருக்கும். குண்டு ஒரு வினாடியில் 740 மீட்டருக்கு மேல் பாயும். தேர்ந்த சிப்பாய் ஒரு நிமிடத்தில் 15 முறை குறி பார்த்துச் சுட வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பரீட்சை!

இந்தத் துப்பாக்கி நம் நாட்டிலேயே தயாரானது. மேற்கு வங்காளத்தில், கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி நதிக்கரையில் இஷாப்பூர் என்ற ஊர். அங்குள்ள ரைபிள் தொழிற்சாலை இதைச் செய்து குவித்தது. உலகம் முழுவதும் செய்யப்பட்ட லீ என்பீல்டு துப்பாக்கிகள் ஒரு கோடியே 70 லட்சம் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

நல்லதும் கெட்டதும் பார்த்த துப்பாக்கி

இரண்டு உலகப் போர்களிலும் நம் சிப்பாய்கள் இதைத்தான் தூக்கினார்கள். பிரான்சின் சேற்றிலும் பர்மாவின் காட்டிலும் இதுதான் அவர்களுக்குத் துணை.

1919-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக் மைதானத்தில் அப்பாவி மக்கள் மீது பாய்ந்ததும் இதே 303 குண்டுகள்தான். அன்று சுடப்பட்ட தோட்டாக்கள் 1,650 என்று வெள்ளைக்காரத் தளபதியே கணக்குக் கொடுத்தான்.

1962-ம் ஆண்டு சீனப் படை எல்லையில் புகுந்தது. அவர்களிடம் தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகள் இருந்தன. நம் ஜவான்கள் ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்து, தள்ளி, சுட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பின் பட்டாளம் புதுத் துப்பாக்கிக்கு வேகமாக மாறியது.

பட்டாளம் கழித்த துப்பாக்கி எங்கே போகும்? போலீசுக்குத்தான்! போலீஸ் நிலையம், கஜானா, சிறைச்சாலை, தேர்தல் பந்தோபஸ்து, எல்லா இடத்திலும் திரீ நாட் திரீ நின்றது. சிலவற்றின் குழலை மாற்றி, ஒரே ஒரு தோட்டா போடும் "410 மஸ்கட்" ஆக்கிக் காவலுக்குக் கொடுத்தார்கள்.

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி மும்பை ரெயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் புகுந்தபோது, அங்கிருந்த போலீசார் பலரின் கையில் இருந்ததும் இதுதான். எதிரி கையில் ஏ.கே. 47. துணிச்சலில் குறைவில்லை. ஆயுதத்தில்தான் குறைவு.

உத்தரப்பிரதேச போலீசார் 2020-ம் ஆண்டு குடியரசு தின அணிவகுப்பில் இதற்கு விடை கொடுத்தார்கள். 1945-ம் ஆண்டு முதல் அவர்களிடம் இருந்த துப்பாக்கி அது!

தாழ்ப்பாள் தத்துவம்

இனி விஷயத்துக்கு வருவோம். துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது?

ஓர் அறை. அதற்கு ஒரு கதவு. கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். இவ்வளவுதான்!

குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்தான் அறை. போல்ட் என்ற இரும்புத் தண்டுதான் கதவும் தாழ்ப்பாளும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ்ப்பாள் விழுந்துவிடும். விசையை இழுத்தால் போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி பாய்ந்து தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும். மருந்து பற்றும். குண்டு முன்னால் போகும்.

அந்த ஒரு கணத்தில் அறைக்குள் எழும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 18 டன்! பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கட்டை விரல் அளவு இடத்தில் ஏறி நிற்பது போல!

குண்டை முன்னால் தள்ளும் அதே வேகம், கதவைப் பின்னாலும் தள்ளுகிறது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சுடுகிறவரின் கன்னம்! அவருடைய கண்!

தாழ்ப்பாள் சரியாக விழுந்தால் அவருக்கு ஆபத்து இல்லை. தாழ்ப்பாள் வேறு வீட்டுத் தாழ்ப்பாளாக இருந்தால்?

"நம்பர் பார்த்தாயா?"

இங்கேதான் பழைய ஏட்டையாக்களின் முதல் பாடம் வருகிறது.

போலீஸ் ஆயுதப் படையில் ஒரே நேரத்தில் பலர் வரிசையாக உட்கார்ந்து துப்பாக்கி துடைப்பார்கள். எல்லாருடைய போல்ட்டும் ஒரே சாயல். எண்ணெய் பூசி ஒரே ஜமக்காளத்தில் வைத்தால், எது யாருடையது?

"பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன், ஏட்டையா."

"நம்பர் பார்த்தியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர் மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்!

துப்பாக்கியின் உடலில் ஓர் எண் அடித்திருப்பார்கள். போல்ட் கைப்பிடியிலும் அதே எண் இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் துப்பாக்கிக்கு என்றே பொருத்திப் பார்த்து, அரம் போட்டு, அதன் பிறகு எண் அடிப்பார்கள். ஒரு வண்டியின் கடையாணி அடுத்த வண்டிக்கும் நுழையலாம். நுழைந்துவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று அர்த்தமா?

மாறிய போல்ட்டும் உள்ளே போகும். மூடும். சுடவும் செய்யும். ஆனால் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மாறியிருக்கலாம். அளவு மீறிக் கூடினால், தோட்டாவின் பித்தளைக் கூடு பின்னால் நகர்ந்து கிழியலாம். கொதிக்கும் வாயு பின்பக்கம் பீறிடலாம்.

பட்டாளத்தில் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிகளில் இந்தக் கோளாறு அதிகம். பத்துத் துப்பாக்கியின் உறுப்புகளைச் சேர்த்து எட்டுத் துப்பாக்கி செய்திருப்பார்கள். வெளியே பார்த்தால் பளபளப்பு! எண்ணைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்த இடைவெளியை அளக்கத் தனி அளவுகோல் உண்டு. அளக்க வேண்டியவர் ஆர்மரர் என்னும் ஆயுதத் தொழிலாளி. கண்ணால் பார்த்துச் சொல்லும் காரியம் அல்ல.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

துடைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது.

குழலின் வாய் ஆள் இல்லாத திசையில் இருக்க வேண்டும். மேகசினைக் கழற்ற வேண்டும். போல்ட்டை இழுத்துத் திறந்து அறைக்குள் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தது போதாது. விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும் பிழை! பெட்டியில் இல்லாவிட்டாலும் அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். "துடைத்தபோது குண்டு பாய்ந்தது" என்ற செய்திக்குப் பின்னால் இந்த ஒரு தோட்டாதான் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

தோட்டாக்களைத் துடைக்கும் இடத்திலேயே வைக்கக் கூடாது. வேறு அறையில் பூட்டி வைக்க வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

தீப்பெட்டி சொல்லும் ரகசியம்

இந்தத் துப்பாக்கிக்கு வெந்நீர்க் குளியல் உண்டு! கேட்டால் சிரிப்பு வரும். காரணம் தெரிந்தால் திருவேங்கடத்துக்காரர்கள் தலையாட்டுவார்கள்.

கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் வட்டாரம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர் போனது. தீக்குச்சித் தலையில் உள்ள முக்கியமான மருந்து பொட்டாசியம் குளோரேட். பழைய 303 தோட்டாவின் பின்பக்கக் கேப்பிலும் இதே மருந்துதான்!

அது எரிந்ததும் ஒருவித உப்பாக மாறிக் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். நம் சமையல் உப்பைப் போல அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறது அல்லவா? அதே போலக் குழலும் கசியும். ஓரிரு நாளில் துரு பிடிக்கும்.

எண்ணெய் தடவினால் போதாதா? போதாது. உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றுவார்கள். உப்பு கரைந்து ஓடும். குழல் சூடாவதால் ஈரமும் சீக்கிரம் காயும்.

அடுத்தது "புல் துரூ". ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு. அதன் வளையத்தில் துணியை மாட்ட வேண்டும். துணிக்கும் அளவு உண்டு. உலர்ந்த துணி என்றால் 4 அங்குலம் நீளம், 2 அங்குலம் அகலம். எண்ணெய்த் துணி என்றால் அகலம் ஒன்றரை அங்குலம். அளவு மீறினால் துணி நடுவில் சிக்கிக்கொள்ளும். பின்பக்கம் விட்டு, முன்பக்கம் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

இந்தக் கயிறும் எண்ணெய்க் குப்பியும் எங்கே இருக்கும்? துப்பாக்கியின் பின்கட்டைக்குள்ளேயே! அங்கே ஒரு பொந்து. அதற்கு ஒரு சின்னப் பித்தளைக் கதவு. தூக்குச் சட்டிக்குள் கரண்டி வைப்பது போல!

பூட்டும் முறை

கழற்றும் வரிசை: தோள்வார், மேகசின், போல்ட்.

பூட்டும் வரிசை: போல்ட், மேகசின், தோள்வார்.

கடைசியில் கழற்றியது முதலில் போக வேண்டும். முதலில் கழற்றியது கடைசியில் வர வேண்டும். முழு ரகசியமும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

ஒன்று. போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு. போல்ட்டின் தலை தனி உறுப்பு. திருகாணி போல மரையில் சுழன்று உட்காரும். அது கடைசி வரை திருகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று. போல்ட்டின் பின்னால் ஊசியை இழுத்துப் பிடிக்கும் கொண்டை ஒன்று உண்டு. அந்தக் கொண்டையும் போல்ட்டின் பக்கவாட்டு மேடும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். துடைக்கும்போது கொண்டை புரண்டிருந்தால் போல்ட் உள்ளே போகாது. போகாததை அடித்து ஏற்றக் கூடாது!

நான்கு. போல்ட் தலையில் வெற்றுத் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் நகம் இருக்கிறது. அந்த நகம் மேலே பார்க்கும்படி போல்ட்டை நுழைக்க வேண்டும். பிறகு தலையைக் கீழே மடக்கி, உடலின் வலப்பக்கத்தில் தண்டவாளம் போல ஓடும் விளிம்பில் மாட்ட வேண்டும். சரியாக விழுந்தால் "கிளிக்" என்று சத்தம் கேட்கும்.

ஐந்து. போல்ட்டை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூட வேண்டும். ஆள் இல்லாத பக்கம் குழலைத் திருப்பி விசையை இழுக்க வேண்டும். பிறகு சேப்டி என்னும் காவல் பூட்டைப் போட வேண்டும்.

ஆறு. மேகசின் இதற்குப் பிறகுதான்! இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. மேகசினை முதலில் மாட்டி, அதில் மறதியாக ஒரு தோட்டா இருந்துவிட்டால்? போல்ட்டை ஓட்டிப் பார்க்கும்போது அது அறைக்குள் ஏறிவிடும். அடுத்து விசையை இழுப்பார்கள். அப்புறம் பத்திரிகையில் செய்திதான்!

தொடக் கூடாத இடங்கள்

இதற்கு மேல் கழற்றலாமா? ஆசை யாரை விட்டது? ஆனால் மரக்கட்டையைக் கழற்றுவது ஆர்மரர் வேலை. தெரியாதவர் கை வைத்தால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்.

பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டின் நுனி சதுரமானது. அது முன்கட்டையில் உள்ள ஒரு தகட்டில் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையை எடுக்காமல் அந்தப் போல்ட்டைத் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். பழைய துப்பாக்கிகளில் கட்டை பிளந்து கிடப்பதற்கு இந்த அவசரம் ஒரு காரணம்.

விசைக்காப்பின் முன் திருகாணிக்குள் ஒரு சின்னக் குழாய் வளையம் உண்டு. துடைக்கும்போது உருண்டு ஓடிவிடும். அது இல்லாமல் முறுக்கினால் இரும்பு மரத்தை நசுக்கும்.

குழலின் முன்பக்கம், கட்டைக்குள், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வில்லும் முளையும் இருக்கும். அவை குழலை மேல்நோக்கித் தாங்கும். மறந்துவிட்டுப் பூட்டினால் துப்பாக்கி சுடும். ஆனால் குறி ஓரிடத்தில் நிற்காது. "துப்பாக்கி கெட்டுப் போச்சு" என்பார்கள். கெட்டது துப்பாக்கி அல்ல. பூட்டியவரின் ஞாபகம்!

பூட்டி முடித்ததும் ஜமக்காளத்தில் ஓர் உறுப்பு மிச்சம் கிடந்தால், அந்தத் துப்பாக்கி சுடத் தகுந்தது அல்ல. அது எவ்வளவு சின்ன உறுப்பாக இருந்தாலும் சரி.

யார் வைத்திருக்கலாம்?

303 துப்பாக்கியை ஆசைப்பட்டு வாங்கி வீட்டில் வைக்க முடியாது. பட்டாளமும் போலீசும் பயன்படுத்தும் அளவு அது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்று 315 என்ற வேறு அளவில் இஷாப்பூரில் ரைபிள் செய்தார்கள். அதன் போல்ட் அமைப்பும் லீ என்பீல்டு சாயல்தான். ஆகவே கழற்றிப் பூட்டும் பாடமும் பெரும்பாலும் அதுவே.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். திரும்ப வாங்கும்போது எண்ணைச் சரி பார்த்து வாங்குவது நல்லது. உடலின் எண் மட்டும் அல்ல. போல்ட்டின் எண்ணும்!

பள்ளி, கல்லூரி மாணவ மாணவிகளுக்கு இந்தப் பாடம் வேறு வழியில் வருகிறது. 1948-ம் ஆண்டு தொடங்கிய என்.சி.சி.யின் பாடத்திட்டத்தில் 22 ரைபிளைக் கழற்றுவது, பூட்டுவது, துடைப்பது எல்லாம் உண்டு. அணிவகுப்புப் பயிற்சிக்குச் சுட முடியாத பழைய 303 துப்பாக்கிகளைக் கொடுத்த காலமும் உண்டு. கரிசல் காட்டுப் பிள்ளைகள் பலர் துப்பாக்கியை முதன் முதலில் தொட்டது அப்படித்தான்.

ராஜபாளையத்திலும் மணிமுத்தாறிலும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைப் பிரிவுகள் இருக்கின்றன. இன்று அங்கே புதுப்புதுத் துப்பாக்கிகள் வந்துவிட்டன. பெயர் மாறியிருக்கிறது. உறுப்புகள் மாறியிருக்கின்றன. பாடம் மாறவில்லை. காலி செய், கழற்று, துடை, எண் பார், பூட்டு, ஓட்டிப் பார்!

கடைசிக் கேள்வி

பழைய திரீ நாட் திரீ இப்போது மெல்ல மெல்ல மறைந்து வருகிறது. சென்னை எழும்பூரில், பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகக் கட்டிடம் 2021-ம் ஆண்டு போலீஸ் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய ஆயுதங்களை அங்கே மக்கள் போய்ப் பார்க்கலாம். குழந்தைகள் கண்ணாடி வழியாகப் பார்த்து வியக்கிறார்கள்.

துப்பாக்கி கண்ணாடிக்குள் போய்விட்டது. அதைத் துடைத்த கைகள் ஊரில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் இன்று பேரனின் சைக்கிளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கலாம். மோட்டாரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கழற்றிய உறுப்புகளைத் துணி விரித்து வரிசையாக வைப்பார். திரும்பப் பூட்டும்போது அதே வரிசையில் பின்னாலிருந்து எடுப்பார். துணியில் ஒன்றும் மிச்சம் இல்லையே என்று ஒரு முறை தடவிப் பார்ப்பார்.

பேரன் அவசரப்படுவான். "போதும் தாத்தா, ஓடுது, விடுங்க!"

தாத்தா விட மாட்டார். ஓடுகிறது என்பது வேறு, சரியாகப் பூட்டியிருக்கிறது என்பது வேறு என்று அவருக்குத் தெரியும்!